இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கிய பிலடெல்பியா: புத்தியா, அவசரமா?

நீலக்கொடி67 (28 ஜூன் 2025, காலை 6:40)

நேற்றிரவு என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) ட்ராஃப்டின் முதற்சுற்றை முழுதாகப் பார்த்தேன். அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வு அது; பொதுவாகக் கீழே முடித்த அணிக்கு முன் இடம். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. அந்தச் சுற்றில் எங்கள் ரொறன்ரோவுக்கு ஒரு தெரிவுகூட இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். சோறு முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் பந்தியை விட்டு எழும்பாமல் இருக்கிறவன் நிலைதான் என் நிலை. 25ஆம் இடம் எங்களுடையது. 2023இல் ஜேக் மக்கேபை வாங்கியபோது சிக்காகோவிடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் அதில் ஒரு செக் நாட்டுப் பையனை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

அதை விடுங்கள். நான் கேட்க வந்தது பிலடெல்பியாவைப் பற்றி. 22ஆம் இடத்தையும் 31ஆம் இடத்தையும் பிட்ஸ்பேர்க்கிடம் கொடுத்து 12ஆம் இடத்துக்கு ஏறினார்கள். ஏறி, வின்சர் ஸ்பிட்ஃபயர்ஸின் நெடிய சென்டர் (நடுவில் நின்று தாக்கி ஆடுபவர்) ஜாக் நெஸ்பிட்டை எடுத்தார்கள். பலருடைய பட்டியலில் அந்தப் பையன் 12ஐவிடப் பின்னால்தான் இருந்தான். என் கட்சி, செய்தது சரி. ஆளைப் பிடித்துவிட்டால் கூச்சப்படாமல் போய் வாங்க வேண்டும். சந்தையில் நல்ல விளைமீனைக் கண்டுவிட்டு, விலை இறங்கட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பலகையில் ஈ மட்டும்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை (காலை 7:15)

அண்ணை, சந்தையில் மீன் கண்முன்னால் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். இங்கே வாங்குவது மீன்குஞ்சு. செப்டெம்பர் 15க்குள் பதினெட்டு வயதாகும் பையன்கள் இவர்கள். இருபத்துமூன்று வயதில் எப்படி ஆடுவான் என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது.

தெரிவு ஒவ்வொன்றின் மதிப்பையும் கோடாக வரைந்து பாருங்கள். முதல் நாலைந்து இடங்களில் கிணற்றுக்குள் விழுவதுபோல விழும். பிறகு சரிவு தணியும். இரண்டாம் சுற்று தாண்டினால் கிட்டத்தட்டத் தரை. மைக்கேல் ஷக்கர்ஸ் என்ற புள்ளியியல் பேராசிரியர் இதை அட்டவணையாகவே போட்டார். எரிக் டுல்ஸ்கி இன்னொரு பக்கமாக வந்தார். பழைய கொடுக்கல் வாங்கல்களை அடுக்கி, ஓரிடம் ஏற அணிகள் உண்மையில் என்ன விலை கொடுக்கின்றன என்று பார்த்தார். வேதியியல் படித்த மனிதர். ஹொக்கி பற்றி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். இன்று கரோலைனாவின் பொது முகாமையாளர். அவருடைய அணி சென்ற ஆண்டு என்ன செய்தது? 27ஆம் இடத்தைச் சிக்காகோவுக்கு விற்று 34, 50 இரண்டையும் வாங்கியது. கணக்குத் தெரிந்தவன் இறங்கி விற்கிறான். ஆசைப்பட்டவன் ஏறி வாங்குகிறான்.

12ஆம் இடத்தில் ஒரு தடவை நாணயம் சுண்டலாம். 22இலும் 31இலும் இரண்டு தடவை சுண்டலாம். எனக்கு இரண்டு தடவைதான் வேண்டும்.

பழைய_டிக்கெட் (காலை 8:02)

ஏறுவது இறங்குவது எல்லாம் பிறகு. இல்லாததை விற்கும் பழக்கத்தை முதலில் பேசுங்கள்.

1989 ஒக்டோபர். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் தொடங்கவில்லை. இரவில் ஒரு பேக்கரியில் பாண் தட்டு அடுக்குகிற வேலை. அடுப்புக்குப் பக்கத்தில் மாவு படிந்த ஒரு வானொலி. ரொறன்ரோ டொம் கர்வர்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரை நியூ ஜேர்சியிடமிருந்து வாங்கியிருக்கிறது என்று அதில்தான் கேட்டேன். விலை, 1991ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவு. 1991 என்றால் யாருக்கு என்ன கவலை? அடுத்த வாடகையே தெரியாத காலம் எனக்கு. அணியும் அப்படித்தான் யோசித்திருக்கிறது.

1990-91 பருவத்தில் நாங்கள் விழுந்த விழுகையில் எங்களுக்குக் கீழே கியூபெக் மட்டும்தான் இருந்தது. நாங்கள் விற்ற தெரிவு மூன்றாம் இடமாகிவிட்டது. நியூ ஜேர்சி அதில் ஸ்கொட் நீடர்மயரை எடுத்தது. அவர் நியூ ஜேர்சியில் மூன்று, அனஹைமில் ஒன்று என நான்கு ஸ்டான்லி கிண்ணம் (என்.எச்.எல். வாகையர் கிண்ணம்) தூக்கினார். கர்வர்ஸ் எங்களிடம் இரண்டு பருவம்கூட முழுதாக இருக்கவில்லை.

வரும் ஆண்டின் தெரிவை விற்கிறவன், தோட்டத்தில் என்ன காய்க்கும் என்று தெரியாமல் தோட்டத்தையே ஈடு வைக்கிறான். இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

மொன்றியல்_மச்சான் (காலை 8:31)

வணக்கம் ரொறன்ரோ மக்களே. துக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன், தேநீர் உண்டா?

பழைய_டிக்கெட் அண்ணை, உங்கள் கதைக்கு நேர் எதிரான கதை எங்களிடம் இருக்கிறது. 1970இல் எங்கள் முகாமையாளர் சாம் பொலொக், கலிபோர்னியா அணியின் 1971 முதற்சுற்றுத் தெரிவை வாங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் கடைசியில் வருவார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் அந்தப் பருவத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் இன்னும் மோசமாக ஆடத் தொடங்கிவிட்டது. பொலொக் என்ன செய்தார்? ரால்ஃப் பக்ஸ்ட்ரம் என்ற நல்ல சென்டரை லொஸ் ஏஞ்சலிஸுக்கே அனுப்பிவைத்தார். அவர்கள் கொஞ்சம் எழும்பினார்கள். கலிபோர்னியா கடைசிக்குப் போனது. முதலாம் இடத்தில் கீ லஃப்லரை எடுத்தோம். லொஸ் ஏஞ்சலிஸைத் தூக்கிவிடத்தான் அந்த அனுப்புதல் என்று மொன்றியலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; வேறு காரணமும் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் கதையைத்தான் நம்புகிறேன்.

ஆக, ஏறுவதற்கு எப்போதும் ஏணி வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் நிலத்தை உயர்த்தினாலும் போதும்.

நீலக்கொடி67 (காலை 9:10)

மச்சான், தேநீர் இருக்கிறது, சீனி போடமாட்டோம்.

கணக்குப்பிள்ளை தம்பிக்கு ஒரே பதில்: 1999. வான்கூவரிடம் இருந்தது மூன்றாம் இடம் மட்டும். அவர்களுடைய முகாமையாளர் பிரையன் பேர்க்குக்கு சுவீடனின் செடீன் இரட்டையர் இருவருமே வேண்டும். ஒருவரை எடுத்து மற்றவரை விட மனமில்லை. முதலில் பிரையன் மக்கேபையும் 2000ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவையும் சிக்காகோவிடம் கொடுத்து நான்காம் இடத்தை வாங்கினார். அந்த நான்காம் இடத்தோடு இரண்டு மூன்றாம் சுற்றுத் தெரிவுகளைச் சேர்த்து டம்பா பேயிடம் கொடுத்து முதலாம் இடத்தை வாங்கினார். பிறகு முதலாம் இடத்தை அட்லாண்டாவிடம் கொடுத்து இரண்டாம் இடத்தை எடுத்துக்கொண்டார். அட்லாண்டாவுக்கு வேண்டியவர் பட்ரிக் ஸ்டெஃபான். எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். இரண்டாம் இடம் டேனியல், மூன்றாம் இடம் ஹென்றிக்.

இரண்டு பேரும் ஓய்வு பெறும்வரை வான்கூவரிலேயே ஆடினார்கள். ஹென்றிக் 1,070 புள்ளி (போட்ட கோலும் உதவிய கோலும் சேர்த்து), டேனியல் 1,041. 2022இல் சேர்ந்தே ஹொக்கி புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். உங்கள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேர்க் மூன்றாம் இடத்தில் ஒருவரை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கணக்குப்பிள்ளை (காலை 9:48)

இதை எதிர்பார்த்தேன். ஏறுவதைப் பற்றிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் செடீன்கள் வந்துவிடுவார்கள்.

ஆனால் நன்றாகப் பாருங்கள், அண்ணை. பேர்க் கடைசியில் செய்தது இறங்குவது. முதலாம் இடம் கையில் இருந்தும் அதை வைத்துக்கொள்ளவில்லை. அட்லாண்டாவுக்கு யார் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தத் தகவலைத்தான் விற்றார். எதிராளி யாரை எடுக்கப்போகிறான் என்று தெரிந்தவன் ஏறலாம், இறங்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். தெரியாதவன் ஏறினால் அது சூது.

முதலாம் இடத்தில் போன ஸ்டெஃபான் 455 ஆட்டங்களில் 64 கோல். 2007இல் ஆளில்லாக் கோலுக்கு முன்னால் நின்று பக்கை (ஹொக்கி வட்டு) தவறவிட்டு விழுந்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே ட்ராஃப்டில் டெட்ரொய்ட் 210ஆம் இடத்தில் எடுத்தது ஹென்றிக் செட்டர்பேர்க்கை.

ஏழாஞ்சுற்று (காலை 9:51)

என்னை யாரோ கூப்பிட்டீர்களா?

செட்டர்பேர்க் 210. லண்ட்குவிஸ்ட் 205. வேறோர் ஆண்டில் பவெல்ஸ்கியும் 205. மூவரும் பின்னாளில் நட்சத்திரங்கள். முதற்சுற்று என்பது தொலைக்காட்சிக்காக. நான் கடைசிச் சுற்றில்தான் விழித்துக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை (காலை 9:55)

அந்த மூன்று பேரையும் எடுத்த அணிகளே அதற்கு முன்னால் வேறு ஆட்களை எடுத்துவிட்டுத்தான் இவர்களிடம் வந்தன. இவ்வளவு நல்லவர் என்று தெரிந்திருந்தால் ஏன் ஏழாம் சுற்றுவரை காத்திருந்தார்கள்? ஏழாஞ்சுற்று அண்ணை, அது அதிர்ஷ்டச் சீட்டு. விழுந்தவன் படத்தைத்தான் கடையில் மாட்டுவார்கள்.

பனிமட்டை (காலை 11:20)

மகளைப் பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு இப்போதுதான் வந்தேன். ஆண்கள் எல்லோரும் விலை பேசி முடித்துவிட்டீர்களா?

என் மகள் கோல் காக்கிறாள், பதின்மூன்று வயது. காலை ஆறு மணிக்கு ஸ்காபரோவில் ஐஸ். கால்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டும்போது என் விரல்கள் விறைத்துப் போயிருக்கும். அந்தப் பையை வாகனத்தில் வைத்தால் மணம் மூன்று நாளைக்குப் போகாது, கறிவேப்பிலை வாங்கி வந்தாலும் அதன் மணத்தைத் தின்றுவிடும். அதனால் இந்தப் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்களுடைய அம்மாக்களின் விரல்கள்.

சொல்ல வந்தது வேறு. சென்ற குளிர்காலத்தில் எங்கள் அரங்கில் பெரிய பையன்களின் ஆட்டம் ஒன்று. கடைசி வரிசையில் ஒருவர் தனியாக, காகிதக் கோப்பையில் கோப்பியும் சின்னக் கொப்பியுமாக இருந்தார். வீரர் தேடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. நான் பக்கைப் பார்த்தேன், அவர் பக்கைப் பார்க்கவேயில்லை. ஒரு பையன் பக்கைப் பறிகொடுத்து அதனால் கோல் விழுந்தது. எல்லோரும் கோலைப் பார்த்தோம். அவர் அந்தப் பையன் வாங்குக்குத் திரும்பிப் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டையை அடித்தானா, தலையைக் குனிந்தானா, பக்கத்தில் இருந்தவனோடு பேசினானா? ஏதோ இரண்டு சொல் எழுதினார்.

12ஆம் இடத்துக்கு ஏறுவதென்றால் இப்படிப்பட்ட ஒருவர் எழுதிய இரண்டு சொல்லை நம்பி ஏறுவது. உங்கள் கோட்டில் அது இருக்காது, கணக்குப்பிள்ளை தம்பி. அந்த மனிதர் பிழையாக எழுதியும் இருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் இடத்தில் நாஷ்வில் எடுத்த பிரேடி மார்ட்டின் விழாவுக்கே போகாமல் எல்மைராவில் வீட்டுப் பண்ணையில் நின்றானாம். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இது ஆய்வு இல்லை, அம்மாவின் கருத்து.

நீலக்கொடி67 (முற்பகல் 11:52)

பனிமட்டை அக்கா சொன்னதைத்தான் நான் மீன் கதையில் சொல்ல முயன்றேன். எனக்கு வரவில்லை.

அந்த இரண்டு சொல் சரியாக இருந்தால் விலை ஒன்றுமேயில்லை. 2008இல் ஒட்டாவா 18ஆம் இடத்தையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தெரிவையும் நாஷ்விலிடம் கொடுத்து 15க்கு ஏறியது. மூன்றே இடம். எடுத்தது எரிக் கார்ல்ஸன். ட்ராஃப்ட் ஒட்டாவாவிலேயே நடந்தது. அப்போதைய அணித்தலைவர் அல்ஃப்ரெட்சன் மேடையேறிப் பெயரை வாசித்தார். கார்ல்ஸனுக்கு, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது மூன்று. 18இல் நாஷ்வில் எடுத்த கோல் காப்பாளர் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2003இல் டலஸுக்கு 36, 54 இரண்டையும் கொடுத்து அனஹைம் 28க்கு ஏறி எடுத்தது கொரி பெரி.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2015இல் எங்களிடம் 24ஆம் இடம் இருந்தது. கணக்குப்பிள்ளை போன்ற கெட்டிக்காரர்கள் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். 24ஐக் கொடுத்து 29, 61 வாங்கினார்கள். 29ஐக் கொடுத்து 34, 68 வாங்கினார்கள். ஒன்று மூன்றாகிவிட்டது என்று நானும் கைதட்டினேன். 34இல் வந்த டெர்மட் சில ஆண்டுகள் ஆடினார். 61இலும் 68இலும் வந்த இருவரும் என்.எச்.எல். பக்கமே வரவில்லை. நாங்கள் விட்டுக்கொடுத்த 24இல் போனவர் டிரெவிஸ் கொனெக்னி. எடுத்த அணி எது? பிலடெல்பியா. அன்றும் அவர்கள்தான் ஏறினார்கள், நாங்கள்தான் இறங்கினோம்.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 12:20)

கொனெக்னி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன்.

மொன்றியல்_மச்சான் (பிற்பகல் 12:24)

இதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 12:41)

அடியை வாங்கினேன், கட்சி மாறவில்லை. ஒரு கொனெக்னியை வைத்து எல்லா ஏற்றத்தையும் நியாயப்படுத்த முடியாது. 2008இலேயே நாங்களும் ஏறினோமே. 7ஆம் இடம், அந்த ஆண்டின் 68, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று மூன்றையும் நியூயோர்க் ஐலண்டர்ஸிடம் கொடுத்து 5க்கு வந்து லூக் ஷென்னை எடுத்தோம். ஐலண்டர்ஸ் அதோடும் நிற்காமல் 7ஐ நாஷ்விலுக்கு விற்று 9, 40 வாங்கி, 9இல் ஜோஷ் பெய்லியை எடுத்தது. நான்கு இடம் இறங்கி, கைநிறையத் தெரிவுகளோடு போனார்கள். பெய்லி அங்கேயே ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடினார்.

பழைய_டிக்கெட் (பிற்பகல் 1:05)

ஷென்னும் ஆயிரம் ஆட்டம் தாண்டிவிட்டார், தம்பி. இரண்டு கிண்ணமும் வைத்திருக்கிறார். என்ன, அதை டம்பா பேயில் வாங்கினார். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் கிண்ணம் வாங்குகிறார்கள், இந்த ஊரில் இருக்கும்போது மட்டும் வாங்குவதில்லை. 1967க்குப் பிறகு இதுதான் நிலை.

நீலக்கொடி67 (பிற்பகல் 1:30)

எண்ணிக்கை கூடினால் நல்லது என்று நம்புகிறவர்களுக்கு மறுபடியும் 2015தான். பொஸ்டனிடம் 13, 14, 15 மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. மூன்று தடவை நாணயம் சுண்டலாம் அல்லவா? சுண்டினார்கள். ஸ்போரில், டிப்ரஸ்க், செனிஷின். டிப்ரஸ்கில் பிழையில்லை, மற்ற இருவரும் நிலைக்கவில்லை. 16ஆம் இடத்தில் ஐலண்டர்ஸ் மத்தியூ பார்சலை எடுத்தது. 17இல் கைல் கொனர். 18இல் தோமஸ் ஷபோ. கடைக்குள் முதலில் போனவர்கள் மூன்று பை நிறையப் பதரை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 1:44)

அது ஏறுவதற்கு ஆதாரம் இல்லை, அண்ணை. யாரை எடுப்பது என்று தெரியாதவனுக்கு 12ஆம் இடத்தைக் கொடுத்தாலும் பதரைத்தான் அள்ளுவான்.

பனிமட்டை (பிற்பகல் 1:50)

இதைத்தானே நீங்கள் இருவரும் காலையிலிருந்து இரண்டு பக்கமாக நின்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

மொன்றியல்_மச்சான் (பிற்பகல் 2:15)

நாங்கள் இரண்டையும் செய்வோம். சென்ற ஆண்டு 26, 57, 198 மூன்றையும் கொடுத்து 21க்கு ஏறி மைக்கேல் ஹேஜை எடுத்தோம். நேற்று 16, 17 இரண்டோடு எமில் ஹைனமனையும் கொடுத்து ஐலண்டர்ஸிடம் நோவா டொப்சனையே வாங்கிவிட்டோம். குஞ்சு வளர்த்துக் கோழியாக்குகிற வேலையே வேண்டாம், வளர்ந்த கோழியாகக் கொண்டுவாருங்கள் என்றோம். ஐலண்டர்ஸும் அழவில்லை. முதலாம் இடத்தில் ஷேஃபரை எடுத்த கையோடு 16இல் எக்லண்ட், 17இல் ஏட்சிசன். ஒரே இரவில் மூன்று பேர். அந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்களுக்கும் நஷ்டமில்லை, அவர்களுக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, நீங்கள் எதைக் கொடுத்து எதற்கு ஏறுவதாக யோசனை?

பழைய_டிக்கெட் (பிற்பகல் 2:40)

மச்சான் கேட்ட கேள்வியில் மிளகாய் இருக்கிறது, ஆனால் கேள்வி சரி.

2025ஆம் ஆண்டு முதற்சுற்று சிக்காகோவிடம் போனது. 2026ஆம் ஆண்டுடையது, பிராண்டன் கார்லோவுக்காக பொஸ்டனிடம் போய்விட்டது. முதல் ஐந்துக்குள் விழுந்தால் மட்டும் எங்களுக்கு அந்த ஆண்டு தப்பும். 2027ஆம் ஆண்டுடையது ஸ்கொட் லோட்டனுக்காக, யாரிடம் தெரியுமா? பிலடெல்பியாவிடம். அதில் முதல் பத்துக்குள் விழுந்தால் பாதுகாப்பு. கர்வர்ஸ் காலத்தில் இந்தப் பாதுகாப்புக்கூட இல்லை, அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறோம்.

ஏறுவது சரியா பிழையா என்று காலை ஆறரை மணியிலிருந்து சண்டை பிடிக்கிறீர்கள். ஏணியைத்தான் துண்டு துண்டாக விற்றுவிட்டோமே!

நீலக்கொடி67 (பிற்பகல் 3:05)

அண்ணை, சனிக்கிழமையும் அதுவுமாக இப்படிச் சொல்லலாமா?

இன்று எங்கள் முதல் தெரிவு 64ஆம் இடத்தில் வந்தது. டினஸ் லுக் கொப்லர், நோர்வேப் பையன், சுவீடனில் லெக்சண்ட் அணியில் ஆடுகிறவன். அவனைப் பற்றிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு காணொளி பார்த்தேன். ஏற்கனவே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, என்ன செய்ய?

ஏழாஞ்சுற்று (பிற்பகல் 3:07)

64 எல்லாம் எனக்கு மிக உயர்ந்த இடம். தலை சுற்றுகிறது.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 3:30)

நீலக்கொடி அண்ணை, பந்தயம் கட்டுவோம். நெஸ்பிட் உங்கள் ஆள். 22ஆம் இடத்தில் பிட்ஸ்பேர்க் எடுத்த பில் சொனன் என் ஆள். 31ஐ 59ஓடு சேர்த்துக் கொடுத்து அவர்களும் 24க்கு ஏறி வில் ஹோர்கொஃபை எடுத்தார்கள், ஆகவே அவரும் என் ஆள்.

நீலக்கொடி67 (பிற்பகல் 3:34)

நில்லுங்கள். உங்கள் கட்சிக்காரர்களே ஏறினார்களா?

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 3:36)

ஏழு இடம்தான் ஏறினார்கள். பேச்சை மாற்றாதீர்கள். 2030 ஜூன் 28 அன்று என் இருவர் சேர்த்து ஆடிய என்.எச்.எல். ஆட்டங்கள் ஒரு பக்கம், நெஸ்பிட் ஆடியவை மறுபக்கம். தோற்றவர் நூறு மட்டன் ரோல்ஸ்.

நீலக்கொடி67 (பிற்பகல் 3:50)

இரண்டு பேரின் ஆட்டத்தைக் கூட்டி ஒருவனோடு ஒப்பிடுவதா? நல்ல கணக்குப்பிள்ளை நீர். ஆட்டம் வேண்டாம், புள்ளி. அதுவும் உம்முடைய இருவரில் கூடியவருடைய புள்ளி மட்டும்.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 3:58)

அப்படியானால் எனக்கு இரண்டு தெரிவு இருந்து என்ன பயன்? கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

பனிமட்டை (பிற்பகல் 4:10)

யார் தோற்றாலும் ரோல்ஸ் சுற்றப்போவது உங்கள் வீட்டில் யார் என்று எனக்குத் தெரியும். கடையில் வாங்கித்தான் தர வேண்டும் என்று பந்தயத்தில் எழுதுங்கள். எழுதினால் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

நீலக்கொடி67 (பிற்பகல் 4:12)

எழுதிவிட்டேன், அக்கா. புள்ளியா ஆட்டமா என்பதை மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம்.